மாதிரிப் புகையிரதப் பாதையில் தடமாற்றிப் பிழைகள்: காரணங் காணும் முறை

மாதிரிப் புகையிரதப் பாதை அமைப்போர்க்குப் பெருந்தொல்லை தருவது, வண்டியை ஒரு தடத்தினின்றும் மற்றொரு தடத்திற்குத் திருப்பும் தடமாற்றியேயாகும். பத்து முறை செம்மையாக இயங்கிப் பதினோராம் முறை வண்டியைப் புரளச் செய்யும் தடமாற்றி, முற்றாகப் பழுதடைந்ததிலும் இடர் மிக்கது. அதன் காரணம் எளிதில் வெளிப்படுவதில்லை. கைக்கு எட்டிய திருகாணிகளையெல்லாம் திருப்பிப் பார்த்தல் பயன்தராது. காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தறியும் ஒழுங்கே வேண்டப்படுவது.

முதற்கண் வினவவேண்டியது, பிழை வண்டியினதா பாதையினதா என்பதாகும். ஒரே பெட்டி பல தடமாற்றிகளில் இடறின், குற்றம் அதன் சில்லுகளில் உளது. பல பெட்டிகள் ஒரே தடமாற்றியில் இடறின், குற்றம் அவ்விடத்ததாகும். அடுத்து, மின்னோட்டத்தை நிறுத்திப் பெட்டியைக் கையால் மெல்லத் தள்ளுதல் வேண்டும். அப்போதும் இடறின் பிழை பொறிமுறை சார்ந்தது. பெட்டிகள் தடையின்றிச் செல்ல, எஞ்சின் மட்டும் தடமாற்றியின்மேல் நின்றுவிடின் மின்சுற்றை ஆராய்தல் தகும்.

பொறிமுறைப் பிழைகளுள் இரண்டு முதன்மையானவை. சரளைத் துகளோ காய்ந்த பசையோ சிக்கி, நாக்குத் தண்டவாளம் நிலைத் தண்டவாளத்தோடு பொருந்தாதிருப்பின், சில்லின் விளிம்பு அவ்விடைவெளியில் நுழையும். மற்றையது சில்லிடைத் தூரம். பிரித்தானிய ‘ஓஓ’ அளவைச் சார்ந்த 16.5 மில்லிமீற்றர்ப் பாதையில், இரு சில்லுகளின் உட்புறங்களுக்கிடையே ஏறத்தாழ 14.5 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். அது குறுகின் சில்லு காப்புத் தண்டவாளத்தில் இறுகி மேலேறும். மிகின் குறுக்குமுனையில் மோதும். அமெரிக்காவில் 1935 இல் தோன்றிய தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் தனது நியமங்களுக்கேற்ற அளவுகருவியை வழங்குவது இத்தகைய அளவுகளைச் சரிபார்த்தற் பொருட்டேயாம்.

நாக்கு நிலைத் தண்டவாளத்தைத் தொடுவதாலேயே குறுக்குமுனைக்கு மின் பாயும் அமைப்பில், அழுக்கும் ஒட்சைட்டுப் படையும் தொடுகையைக் கெடுக்கும். துடைத்தல் தற்காலிகத் தீர்வே. நாக்குடன் சேர்ந்தியங்கும் ஆளி வழியாகக் குறுக்குமுனைக்கு மின்னளித்தல் நிலையான தீர்வாகும். நாக்கை நகர்த்தும் மின்காந்தச் சுருளின் வலிமை போதாதாயின், கொள்ளளவியிற் சேர்ந்த ஏற்றத்தைக் கணப்பொழுதில் விடுவிக்குஞ் சுற்று உதவும். மின்னை நெடுநேரம் செலுத்தின் சுருள் எரிந்துவிடும்.

இவ்வொழுங்கு பொழுதுபோக்கிற்கு மட்டும் உரியதன்று. 2002 மே 10 ஆம் நாள், இங்கிலாந்தின் பொட்டர்ஸ் பார் நிலையத்தருகே, சுரைகள் தளர்ந்த தடமாற்றியொன்று ஓடும் வண்டியின்கீழ்ச் சிதைந்தமையால் எழுவர் உயிரிழந்தனர். மேசைமேற் புரண்ட பெட்டியை எடுத்து நிறுத்துதல் எளிது. எடுக்குமுன், அது எவ்விடத்தில், எச்சில்லிற் புரண்டதெனக் குறித்துக்கொள்வோரே பிழையைக் காண்பர்.