மழைக்காலப் பசுமைக்குடில்: அடைத்து வைத்தால் மொட்டு அழுகும்

நீலகிரி மாவட்டத்தின் கிழக்குச் சரிவில் உள்ள கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் பெருமழைக் காலமாகும். மேற்கே கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழை எப்படியோ, அப்படியே இப்பகுதிகளுக்கு வடகிழக்குப் பருவமழை. இக்காலத்தில் நாட்கணக்கில் வெயிலைக் காண்பது அரிது. மூடுபனி தரையோடு தவழும். துவைத்துப் போட்ட துணி மூன்று நாளானாலும் உலராது. பாலிதீன் தாள் வேய்ந்த பசுமைக்குடிலில் கார்னேஷன் மலர் பயிரிட்டுள்ள சிறு விவசாயிகளுக்கு இதுவே பெரும் சோதனைக் காலம்.

1990ஆம் ஆண்டுகளின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்த பிறகு, தேயிலை, மலைக் காய்கறியோடு கொய்மலர்ச் சாகுபடியையும் மேற்கொண்டவர்கள் இம்மாவட்டத்தில் உண்டு. 5 சென்ட், 10 சென்ட் நிலத்தில் கடன் வாங்கிக் குடில் அமைத்தவர்களுக்கு ஒவ்வொரு பூவும் கணக்கில் வருவதாகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் முகூர்த்த காலம். மார்கழியில் திருமணம் இல்லாவிட்டாலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டுத் தேவை இருக்கிறது. ஆக, பூவுக்கு விலை கிடைக்கும் நாட்களும் பூ அழுகும் நாட்களும் ஒன்றாகவே வருகின்றன.

நோயின் அடையாளம்

இந்த அழுகலுக்குக் காரணம் ‘பொட்ரைடிஸ் சினிரியா’ என்னும் பூஞ்சாணம். இதனால் உண்டாவது சாம்பல் அழுகல் நோய். முதலில் இதழின் ஓரத்தில் நீர் கோத்தது போன்ற சிறு புள்ளி தோன்றும். அது வெளிர் பழுப்பாகிப் பரவும். ஈரம் நீடித்தால் அழுகிய பகுதியின்மேல் சாம்பல் தூவினாற்போல் பூஞ்சாணம் படரும். பூவைத் தட்டினால் புகை போலப் பறப்பவை அதன் வித்துகள். ரோஜா, ஜெர்பரா, ஸ்ட்ராபெர்ரி, தக்காளி ஆகியவற்றையும் இதே பூஞ்சாணம் தாக்கும்.

உதிர்ந்த இதழ், காய்ந்த இலை, வெட்டிய தண்டின் முனை ஆகியவற்றில் இது தங்கிப் பெருகும். முற்றிய இதழ்களிலும் காயம்பட்ட இடத்திலும் எளிதில் நுழையும். 15 முதல் 20 டிகிரி சென்டிகிரேட் வெப்பநிலை இதற்கு மிகவும் உவப்பானது. குளிர்பதன அறையிலும் மெதுவாக வளரக்கூடியது. ஆகவே குளிரை நம்பி இந்நோயைத் தடுக்க இயலாது.

ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. வித்து முளைத்து இதழுக்குள் புக, இதழின்மேல் பல மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும். அல்லது காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய நிறைநிலையில் இருக்க வேண்டும். இடையில் இதழ் உலர்ந்துவிட்டால் முளைத்த வித்தும் பெரும்பாலும் பட்டுப்போகும். நோயை வெல்லும் வழி இங்கேதான் இருக்கிறது.

அடைப்பதால் வரும் கேடு

மழையும் குளிரும் தொடங்கியதும் செடிக்குக் குளிரும் என்றெண்ணி, மாலை நான்கு மணிக்கே பக்கத் திரைகளை இறக்கி, மறுநாள் ஒன்பது, பத்து மணி வரை அடைத்து வைக்கும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. செடியின்மீதுள்ள பரிவால் செய்யப்படும் இச்செயலே செடிக்குக் கேடாக முடிகிறது.

கார்னேஷன் குளிர்ச்சியை விரும்பும் பயிர். இரவில் 10 முதல் 13 டிகிரி வெப்பநிலை அதற்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகையில் மழை இரவின் குளிர் பெரும்பாலும் இந்த அளவிலேயே இருப்பதால், அக்குளிரால் செடிக்குத் தீங்கில்லை. அடைத்து வைப்பதால் செடிக்குத் தேவையில்லாத வெப்பம் சிறிது கிடைக்கிறது. பூஞ்சாணத்திற்குத் தேவையான ஈரம் முழுவதும் கிடைக்கிறது.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 10 சென்ட் குடிலின் தரைப்பரப்பு சுமார் 400 சதுர மீட்டர். சராசரி உயரம் 4 மீட்டர் என்றால் உள்ளிருக்கும் காற்று 1,600 கன மீட்டர். 15 டிகிரி வெப்பநிலையில் 1 கன மீட்டர் காற்று ஏறக்குறைய 13 கிராம் நீராவியைத்தான் தாங்கும். எனவே குடில் முழுவதிலும் உள்ள காற்று தாங்கக்கூடிய நீர் சுமார் 20 லிட்டர், அதாவது இரண்டு வாளி. பாத்திகளின் பரப்பு 250 சதுர மீட்டர் என்றும், மப்பான நாளில் ஒரு சதுர மீட்டர்ப் பயிர் 1 லிட்டர் நீரை ஆவியாக விடுகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஒரு நாளில் வெளிப்படுவது 250 லிட்டர். இரண்டு வாளி கொள்ளும் இடத்தில் இருபத்தைந்து வாளி நீர் சேர்ந்தால் மிச்சம் எங்கே போகும்? கூரைத் தாளில் முத்து முத்தாகக் கோத்து, பூவின்மேல் சொட்டும்.

காற்று குளிரக் குளிர அது நீராவியைத் தாங்கும் ஆற்றலும் குறையும். 20 டிகிரியில் 1 கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் தாங்கும். மாலையில் 20 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை அப்படியே அடைத்துவிட்டால், வெப்பம் நான்கு டிகிரி குறைவதற்குள் பனித்துளி படியத் தொடங்கிவிடும். செடி விடிய விடிய நனைந்தே நிற்கும்.

மழை பெய்யும்போது திறக்கலாமா?

வெளியே மழைக்காற்று இன்னும் ஈரமாக இருக்குமே, அதை உள்ளே விடலாமா என்ற ஐயம் எழுவது இயற்கை. வெளியே 12 டிகிரியில் ஈரம் நிறைந்து நிற்கும் காற்றில் கன மீட்டருக்கு 11 கிராமுக்கும் குறைவான நீராவியே இருக்கிறது. அது குடிலுக்குள் வந்து 16 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 80 சதவீதத்திற்கும் கீழே இறங்கிவிடும். குளிர்ந்த வெளிக்காற்று, பார்வைக்கு ஈரமாகத் தோன்றினாலும், உள்ளே வந்தபின் உலர்த்தும் காற்றாகவே வேலை செய்கிறது.

மூடுபனி இரவில் செடியைச் சிறிதும் ஈரமில்லாமல் வைத்திருக்க யாராலும் இயலாது. ஈரம் நிற்கும் நேரத்தைக் குறைப்பதே நோக்கம். எடுத்துக்காட்டாக, மாலை ஆறு மணி முதல் காலை ஒன்பது மணி வரை இலை நனைந்திருந்தால் பதினைந்து மணி நேரம். அதையே நள்ளிரவுக்குப் பின் தொடங்கி, காலை ஏழரைக்குள் முடியும்படி செய்துவிட்டால் பூஞ்சாணத்தின் வேலை பாதியில் நின்றுவிடும்.

திரைகளைக் கையாளும் முறை

1. கூரைத் திறப்பை எந்நாளும் அடைக்கக் கூடாது. ஈரக்காற்று மேலே எழுந்து வெளியேற அதுவே வழி.

2. சாரல் அடிக்கும் பக்கத்துத் திரையை மட்டும் இறக்க வேண்டும். எதிர்ப்பக்கத் திரை ஒன்றரை அடியாவது திறந்திருக்க வேண்டும்.

3. மாலையில் வெயில் தாழ்ந்ததும் இரு பக்கத் திரைகளையும் அரை மணி நேரம் நன்றாகத் திறந்து, பகலில் சேர்ந்த ஈரக்காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு தேவையான அளவு இறக்கலாம்.

4. காலையில் வெயில் குடிலின்மேல் விழுவதற்கு முன்பே திரைகளை உயர்த்த வேண்டும். வெயில் பட்டதும் காற்று விரைவில் சூடேறும். பருத்த மொட்டு மெதுவாகவே சூடேறும். அடைத்த குடிலில் அந்தச் சூடான ஈரக்காற்று குளிர்ந்த மொட்டின்மேல் நீராய்ப் படியும். இரவில் தப்பிய மொட்டும் காலையில் நனைவது இதனால்தான்.

5. பூச்சித் தடுப்பு வலையில் பாசியும் தூசியும் அடைத்துக்கொண்டால் காற்று புகாது. மழைக்காலத்திற்கு முன் வலையைக் கழுவிவிட வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் உதகைப் பகுதியில் விழும் உறைபனி வேறு வகை. அப்போது வானம் தெளிந்திருக்கும், காற்று வறண்டிருக்கும், குளிர் செடியையே கருக்கும். அந்த இரவுகளில் பக்கத் திரைகளை இறக்குவது சரியே. உறைபனிக் காலத்துப் பழக்கத்தை மழைக்காலத்திற்குக் கொண்டுவருவதுதான் தவறு.

ஈரத்தை அளக்க எளிய கருவி

விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரே மாதிரியான இரண்டு சாதாரண வெப்பமானிகளைப் பலகையில் அருகருகே கட்ட வேண்டும். ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, அதன் நுனியைச் சுத்தமான நீருள்ள சிறு புட்டியில் விட வேண்டும். செடியின் உயரத்தில், நிழலில், காற்று படும்படி தொங்கவிட வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். உலர் குமிழ் 15 டிகிரி காட்டும்போது வேறுபாடு 3 டிகிரி என்றால் ஈரப்பதம் சுமார் 70 சதவீதம். 2 டிகிரி என்றால் சுமார் 80. 1 டிகிரி என்றால் சுமார் 90. வேறுபாடு 2 டிகிரிக்குக் குறைந்தால் திரையை மேலும் உயர்த்த வேண்டும் என்பதை நினைவில் கொண்டால் போதும்.

நீரும் உரமும்

சொட்டு நீரைக் காலையிலேயே விட்டு, பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். மப்பான நாளில் வெயில் நாளின் அளவுக்கு நீர் தேவைப்படாது. பாத்தி மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்று நிறுத்திவிடலாம். செடியின்மேல் நீர் தெளிப்பதையும், நடைபாதையை நனைப்பதையும் இக்காலத்தில் அறவே தவிர்க்க வேண்டும்.

மலைச் சரிவில் மேலிருந்து வரும் மழைநீர் குடிலின் அடியில் ஊறினால் எவ்வளவு திறந்து வைத்தும் பயனில்லை. மேல்புறத்தில் ஒன்றரை அடி ஆழ வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்பிவிட வேண்டும். கூரைத் தாளில் ஓட்டை இருந்தால் உடனே ஒட்ட வேண்டும்.

தழைச்சத்து மிகுந்தால் செடி கொழுத்து இளந்தசையாக வளரும். நோய் எளிதில் பற்றும். மழை மாதங்களில் தழைச்சத்தைக் குறைத்து, சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும் குறையாமல் பார்த்துக்கொள்வது நலம். கோடையில் கட்டிய நிழல்வலையை அவிழ்த்துவிட வேண்டும்.

துப்புரவே முதல் மருந்து

நோயுற்ற பூவை அப்படியே ஒடித்துக் கையில் தூக்கி நடந்தால் வழியெல்லாம் வித்து தூவினாற்போல் ஆகும். பூவின்மேல் மெதுவாகப் பையைக் கவிழ்த்து, பைக்குள்ளேயே வெட்டி, வாயைக் கட்டி எடுத்துச் சென்று குழியில் புதைக்க வேண்டும். குடில் வாசலில் குவித்து வைப்பது நோயை வீட்டு வாசலில் வைப்பது போன்றது. கீழே கிடக்கும் இதழையும் பழுத்த இலையையும் வாரம் இருமுறையாவது பொறுக்கி அகற்ற வேண்டும். பக்க மொட்டு நீக்குதல், கவாத்து போன்ற வேலைகளைச் செடி உலர்ந்திருக்கும் நேரத்தில் செய்தால் காயம் விரைவில் ஆறும்.

மருந்தை மட்டும் நம்பலாகாது

கார்பென்டாசிம் வகையைச் சேர்ந்த மருந்துகளுக்கு இப்பூஞ்சாணம் பழகிப்போவது 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே நெதர்லாந்து நாட்டுக் கண்ணாடிக் குடில்களில் கண்டறியப்பட்டது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் செலவுதான் மிஞ்சும். தோட்டக்கலை அலுவலரைக் கலந்து, பயிருக்கு அனுமதிக்கப்பட்ட மருந்துகளை வகை மாற்றிப் பயன்படுத்த வேண்டும். மருந்து அடிப்பதும் ஒருவகையில் செடியை நனைப்பதே. ஆகவே மாலையில் அடிக்காமல், காலையில் அடித்து, மாலைக்குள் இலை உலர விட வேண்டும். அடிப்பவர் முகமூடியும் கையுறையும் அணிவது கட்டாயம்.

பெட்டிக்குள்ளும் கவனம்

நனைந்த பூவைப் பறித்துப் பெட்டியில் அடுக்கினால், சந்தையில் பெட்டியைத் திறக்கும்போது சாம்பல்தான் இருக்கும். இதழ்கள் தூரிகை போல் நிமிர்ந்து நிற்கும் பருவத்தில், பனி உலர்ந்தபின் கொய்ய வேண்டும். குளிர்ந்த பூவை மலையிலிருந்து மேட்டுப்பாளையத்தில் இறக்கி, வெப்பமான ஈரக்காற்றில் பெட்டியைத் திறந்து வைத்தால் பூவின்மேல் மீண்டும் நீர் படியும். எனவே வழியில் பெட்டியைத் திறக்காமல் அனுப்புவது நல்லது. அழுகும் ஒரு பூவிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு, பக்கத்திலுள்ள நல்ல கார்னேஷன் பூக்களையும் வாடச் செய்யும். கட்டுக்கு ஒரு பூ சந்தேகமாக இருந்தாலும் அதை நீக்கிவிட்டே கட்ட வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றிற்குப் பணச் செலவு இல்லை. காலையிலும் மாலையிலும் திரையைத் தூக்கி இறக்கும் அரை மணி வேலைதான். ஐப்பசி பிறக்கும் முன்பே வலையைக் கழுவி, வாய்க்கால் வெட்டி, இரண்டு வெப்பமானிகளைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டால், கார்த்திகை முகூர்த்தத்திற்குப் பூ அழுகாமல் வண்டி ஏறும்.