பங்குனி ஆமை: கரையில் காப்பாற்றினால் போதுமா?

தை பிறந்தால் சென்னையில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணலில் நள்ளிரவு நடை தொடங்கிவிடும். கல்லூரி மாணவர்கள், பள்ளிப் பிள்ளைகள், துணைக்கு வந்த பெற்றோர், தூக்கத்தைத் தியாகம் செய்த ஐடி ஊழியர்கள் என்று ஒரு கூட்டம் அலையோரமாகவே நடக்கும். கண்டபடி டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. ஆமையே கண்ணில் படுவது அபூர்வம். பெரும்பாலும் கிடைப்பது தடம்தான்: கடலிலிருந்து மேட்டுக்கு ஏறிய தடம் ஒன்று, திரும்பி இறங்கிய தடம் ஒன்று, இரண்டடிக்கு மேல் அகலத்தில்.

இரண்டு தடமும் சேரும் இடத்தில் எங்கோ முட்டை இருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிப்பது லேசல்ல. முட்டையிட்ட ஆமை குழியை மூடி, தன் உடம்பாலேயே மணலைத் தட்டி இறுக்கி, சுற்றிலும் வாரி இறைத்து அடையாளத்தை அழித்துவிட்டுப் போயிருக்கும். பழகியவர்கள் மெல்லிய கம்பி ஒன்றை மணலில் பதமாக ஊன்றிப் பார்ப்பார்கள். கெட்டி மணலில் நின்று நின்று இறங்கும் கம்பி ஓரிடத்தில் சட்டென்று உள்ளே போகும். அங்கிருந்து வெறுங்கையால் தோண்ட வேண்டும். சுமார் ஒன்றரை அடி ஆழம். வாய் குறுகி வயிறு அகன்ற குடம் போன்ற குழி. உள்ளே நூறு முட்டை, சில சமயம் அதற்கும் மேல். ஓடு கோழிமுட்டையைப் போல உடையாது, விரல் பட்டால் குழியும்.

எடுத்த முட்டைகளைச் சில மணி நேரத்துக்குள் இடம் மாற்றியாக வேண்டும். தாமதமானால் கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டை புரண்டால் கரு செத்துவிடும். ஆகவே அதே இரவில், வேலியிட்ட பொரிப்பகத்தில், அதே ஆழத்தில் அதே வடிவத்தில் கையாலேயே குழி பறித்துப் புதைக்கிறார்கள். தேதியும் எண்ணிக்கையும் எழுதி ஒரு பலகை நடுகிறார்கள். ஏறக்குறைய ஐம்பது நாளில் குஞ்சுகள் மேலே வரும்.

இதைச் செய்துவருவது மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு. 1988-இல் மாணவர்களே தொடங்கியது. அதற்கும் முன்கதை உண்டு. 1970-களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையின் ரோமுலஸ் விட்டேகரைச் சுற்றியிருந்த இளைஞர்கள் இதே மணலில் நடந்தார்கள். அவர்களில் ஒருவர் ஐஐடி மாணவரான சதீஷ் பாஸ்கர். பின்னாளில் இந்தியக் கடற்கரையின் பெரும்பகுதியைத் தீவுகளோடு சேர்த்து நடந்தே ஆய்ந்தவர். 1982-இல் லட்சத்தீவின் சுகேலித் தீவில் ஆமைகளுக்காகத் தன்னந்தனியே மாதக்கணக்கில் தங்கியவர். இன்று தமிழ்நாட்டின் பல கடலோர மாவட்டங்களில் வனத்துறையும் பொரிப்பகம் நடத்துகிறது.

முட்டையைப் போட்ட இடத்திலேயே விட்டுவைத்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாய்கள் தோண்டித் தின்றுவிடும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வெளிச்சம். பொரிந்து வரும் குஞ்சு இருட்டில் எந்தப் பக்கம் அடிவானம் வெளிறித் தெரிகிறதோ அந்தப் பக்கம் ஓடும். ஆதியில் அது கடலாக மட்டுமே இருந்தது. இப்போது தெருவிளக்கு, ஹோட்டல் விளக்கு, பங்களா விளக்கு எல்லாம் கடலைவிடப் பளிச்சென்று இருப்பதால் குஞ்சுகள் சாலையை நோக்கிப் போகின்றன. கடற்கரையையே இருட்டாக வைத்திருக்க நமக்கு முடிந்திருந்தால் பொரிப்பகத்துக்கு வேலை குறைந்திருக்கும். அது ஒரு தற்காலிக ஏற்பாடு என்பது நடத்துகிறவர்களுக்கே தெரியும்.

பொரிப்பகம் நல்ல அறிவியல் வகுப்பறையும்கூட. பிறக்கும் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு. 29 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்குக் கீழே ஆண்கள் மிகும், மேலே பெண்கள் மிகும். சூடு மேலும் ஏறினால் கருவே வெந்துவிடும். ஒரு வெப்பமானியை மணலில் செருகி, மாசியிலும் பங்குனியிலும் அளவைக் குறித்துவைக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புவி வெப்பமடைதல் என்றால் என்ன என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

சுற்றுச்சூழல் கல்வி நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இலேயே உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயமாக்கச் சொன்னது. பாடம் வந்தது, தேசிய பசுமைப்படை வந்தது, ஜூன் 5 ஓவியப் போட்டியும் வந்தது. மரக்கன்றை நட்டுப் படம் எடுப்பதோடு முடியும் பள்ளிகளும் நிறைய. ஆமை விஷயத்திலும் இந்த ஆபத்து இருக்கிறது. குஞ்சைக் கடலில் விடும் காட்சியைப் போல மனதைக் குளிர்விக்கும் படம் வேறு கிடைக்காது. அதோடு பள்ளி கையைத் தட்டிக்கொண்டு திரும்பிவிட்டால் பாடத்தில் பாதிதான் நடந்திருக்கிறது.

மீதிப் பாதி 2025 ஜனவரியில் கரை ஒதுங்கியது. சென்னையையும் அதை ஒட்டிய கடற்கரைகளையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்துக் கிடந்தன. பல ஆமைகளுக்குக் கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தது. மூச்சு முட்டிச் செத்ததற்கான அடையாளம் அது. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவலைக்குள் சிக்கி நீண்ட நேரம் அடியிலேயே இழுபட்டால் பிழைக்க வழியில்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்தது. குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்பது பரவலான மதிப்பீடு. அப்படித் தப்பிப் பிழைத்து, முட்டையிடும் வயதுக்கு வந்தவைதான் கரையில் கிடந்தன.

சட்டம் இல்லாமலில்லை. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இலிருந்து இருக்கிறது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. அது நாட்டுப்படகுக்காரர்களுக்கு ஒதுக்கிய இடம். முட்டையிட வரும் ஆமைகள் கூடுவதும் இதே கரையோரக் கடலில்தான். எல்லை மீறும் விசைப்படகால் ஃபைபர் படகுக்காரரின் வலையும் அறுபடுகிறது, ஆமையும் சாகிறது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆமைகள் வருவது ஜனவரி முதல் மார்ச் வரை. தடை தொடங்கும்போது பெரும்பாலான ஆமைகள் முட்டையிட்டுத் திரும்பியிருக்கும், அல்லது செத்திருக்கும்.

வலையில் பொருத்தும் கம்பித் தடுப்பு ஒன்று உண்டு: மீனும் இறாலும் கம்பிகளுக்கிடையே உள்ளே போகும், ஆமை தடுக்கப்பட்டு ஒரு திறப்பு வழியே வெளியேறும். மீனும் கொஞ்சம் தப்பிவிடும் என்பது விசைப்படகுக்காரர்களின் குறை. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இந்தத் தடுப்பு இல்லாத காரணத்தாலேயே இந்தியாவின் கடல் இறாலை அமெரிக்கா சில ஆண்டுகளாக வாங்காமல் இருக்கிறது. இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடலோரப் பள்ளிகளில் இந்தப் பேச்சு எடுபடும் என்று நினைக்கிறேன். அங்கே வகுப்பில் பாதிப் பேர் குப்பத்துப் பிள்ளைகள். எந்தக் காற்றில் எந்த வலை, விசைப்படகு இரவில் எவ்வளவு கிட்டே வருகிறது என்பதை ஆசிரியரைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். அந்தப் பசுமைப்படை ஒரு நோட்டுப் புத்தகம் போட்டால் போதும், பெரிய செலவில்லை. செத்து ஒதுங்கிய ஆமை ஒவ்வொன்றுக்கும் தேதி, இடம், ஓட்டின் நீளம், வலைத் துண்டு ஏதும் சுற்றியிருந்ததா, அன்று கண்ணுக்கெட்டும் தூரத்தில் விசைப்படகு நின்றதா என்று எழுதலாம். கையால் தொட வேண்டாம், அளவு நாடாவும் கையுறையும் இருக்கட்டும். இரண்டாம் முறை எண்ணிவிடாமலிருக்க ஓட்டின் மேல் பெயின்டில் ஒரு கோடு இழுத்து, வனத்துறைக்குத் தகவல் சொல்லலாம். பருவம் முடிந்ததும் அந்த நோட்டின் ஒரு நகல் மீன்வளத்துறைக்கும், இன்னொன்று ஊர்ப் பஞ்சாயத்துக்கும் போகட்டும்.