நான்காம் புத்தகம் தந்த ஏமாற்றம்

தொடர்கதை வாசிப்பவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. முதற் புத்தகம் பிடித்துவிட்டால், கடைசிப் புத்தகம் வரை எப்படியும் போய்த்தான் நிற்போம். கனடாவில் இருந்து வந்த உறவினர் ஒருவர் என் பெறாமகளுக்குக் கொண்டுவந்த நான்கு தடித்த ஆங்கில நாவல்களை, அகராதியும் கையுமாக நானும் வாசித்து முடித்தது அப்படித்தான்.

ஸ்ரெபனி மேயர் என்ற அமெரிக்கப் பெண்மணியின் ‘ருவைலைற்’ தொடர் அது. மூன்று ஆண் பிள்ளைகளின் தாயான அவர், 2003 யூன் மாதத்தில் கண்ட ஒரு கனவில் இருந்து இக்கதையை எழுதத் தொடங்கினார். முதல் நூல் 2005 இல் வெளிவந்தது. மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்குத் தகப்பனுடன் வாழ வருகிறாள் பெல்லா என்ற 17 வயதுப் பெண். அங்கே அவள் காதலிக்கும் எட்வேர்ட் ஓர் இரத்தக் காட்டேரி. மனித இரத்தம் குடிப்பதில்லை என்று கட்டுப்பாட்டோடு வாழும் குடும்பத்தைச் சேர்ந்தவன். நம்பமுடியாத கதைதான். ஆனால் சிறுவயதில் அம்மம்மா சொன்ன பேய்க்கதைகளையும் நாம் நம்பியா கேட்டோம்?

2006 இல் வந்த இரண்டாம் நூலில் எட்வேர்ட் அவளை விட்டுப் போய்விடுகிறான். அடுத்து வரும் பக்கங்களில் ஒக்ரோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயர்கள் மட்டுமே இருக்கின்றன. வேறு ஒரு சொல்லும் இல்லை. பெறாமகள் அவற்றைப் புரட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காத்திருந்த மாதங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எங்களில் பலருக்கும் அவ்வளவுதான் சொல்ல வரும்.

முதல் மூன்று நூல்களும் ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பெல்லாவும் அவனைப்போல் மாறினால் தாய் தகப்பனைப் பிரிய வேண்டும், பிள்ளைப்பேறு இல்லை, இரத்த வெறியோடு ஆண்டுக்கணக்கில் போராட வேண்டும். இவ்வளவையும் இழந்தாவது அவனோடு வாழ்வதா என்பதுதான் என்னை வாசிக்க வைத்த கேள்வி.

2008 ஓகஸ்ட்டில் வெளிவந்த நான்காம் நூல், ‘பிறேக்கிங் டோன்’, முதல் நாளிலேயே அமெரிக்காவில் 13 இலட்சம் பிரதிகள் விற்றது. ஆனால் அதில் அவள் எதையுமே இழக்கவில்லை. மாறுவதற்கு முன்னரே கருவுற்றுப் பெண் பிள்ளை பெறுகிறாள். இரத்த வெறியை முதல் நாளே அடக்கிவிடுகிறாள். தகப்பன் வழமைபோல் வந்து போகிறார். அவளை உயிராய் நேசித்த ஜேக்கப்பின் மனத்துயருக்குக் கிடைத்த தீர்வு இன்னும் மோசம். பிறந்த குழந்தையைக் கண்டதும், அவளே தனக்கென விதிக்கப்பட்டவள் என்று அவனுக்குத் தோன்றிவிடுகிறதாம். தாய் கோபப்படுகிறாள், பிறகு சமாதானமாகிவிடுகிறாள். எனக்குச் சமாதானம் வரவில்லை.

பெறாமகளின் குறை வேறு. குழந்தையைக் கொல்ல ஒரு பெரும்படை வருகிறது. இவர்களும் உலகெங்கும் இருந்து நண்பர்களைத் திரட்டி நிற்கிறார்கள். கடைசியில் பேசித் தீர்த்துக்கொண்டு படை திரும்பிப் போகிறது.

“என்ன பெரியம்மா இது! இவ்வளவு சனத்தையும் கூட்டிவைச்சிட்டு ஒரு அடிபாடும் இல்லையே!” என்றாள்.

2012 இல் வந்த படத்தில், நடக்கக்கூடிய ஒன்றின் காட்சியாக ஒரு சண்டையைச் சேர்த்திருக்கிறார்கள். அவளுக்கு அது நல்ல திருப்தி. உண்மையைச் சொன்னால், படை திரும்பியபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சண்டை வராதது ஒரு குறை என்று எனக்குப் படவில்லை.

எனக்குக் குறையாகப் பட்டது இரண்டு. படை வருமுன் பெல்லா ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு பை கட்டுகிறாள். மகளுக்கும் ஜேக்கப்புக்கும் போலிக் கடவுச்சீட்டுகள், நிறையப் பணம். தாங்கள் செத்தாலும் பிள்ளை தப்பட்டும் என்ற எண்ணம். 750 பக்கத்துக்கு மேற்பட்ட அந்நூலில் அந்த அத்தியாயங்களை மட்டும் நான் இரண்டு தரம் வாசித்தேன். 2009 இல் நானும் ஒரு பை கட்டினேன். அடையாள அட்டைகள், காணி உறுதி, அப்போது கைக்குழந்தையாக இருந்த இந்தப் பெறாமகளின் பிறப்புச் சான்றிதழ், ஒரு பால்மாப் பெட்டி. பெல்லாவின் பைக்குக் கடைசிவரை தேவை வரவில்லை. நல்லதுதான். ஆனால் அதைக் கட்டிய கைக்கு இருந்த நடுக்கத்தை ஆசிரியர் மறந்தே போய்விட்டார். கடைசிப் பக்கங்களில் எல்லாரும் ஒன்றும் நடக்காததுபோல் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மற்றது, ஐரினா. அந்தப் பனிவெளியில் கொல்லப்படுபவள் அவள் ஒருத்திதான். சகோதரிகளின் கண்முன்னே எரிக்கப்படுகிறாள். சில பக்கங்களுக்குள் கதை அவளைக் கடந்து போய்விடுகிறது. அந்தச் சகோதரிகள் எப்படி வீடு திரும்பினார்கள் என்று அறியத்தான் எனக்கு ஆவலாக இருந்தது.

முதற் கதையை எட்வேர்ட் சொல்வதாக 2020 இல் இன்னுமொரு நூலை மேயர் வெளியிட்டிருக்கிறார். பெறாமகள் அதற்கும் கனடாவுக்குச் சொல்லிவிட்டிருக்கிறாள். அவள் வாசித்து முடித்ததும் எனக்குத் தரும்படி கேட்டிருக்கிறேன்.