கையெழுத்து முதலில், நிபந்தனை பிறகு: சாசரின் கல்யாணக் கதை

(எபிசோட் எழுத்து வடிவம், படிக்க வசதியாகத் திருத்தப்பட்டது. பாலியல் வன்கொடுமை பற்றிய பேச்சு இருக்கு.)

இன்னைக்கு ஒரு கல்யாணக் கதை. மாப்பிள்ளைக்கு இஷ்டமே இல்லை. பொண்ணு விடுறதா இல்லை. எழுதினவர் ஜெஃப்ரி சாசர், 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. அவருடைய ‘காண்டர்பரி கதைகள்’ல, பாத் என்ற ஊரைச் சேர்ந்த அலிசன் சொல்லும் கதை இது. அலிசன் 5 கல்யாணம் பண்ணினவள், முதல் கல்யாணம் 12 வயசுல. அதனால கல்யாணத்தைப் பற்றிப் பேச அவளுக்கு நிறையவே இருக்கு.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன். இடைக்காலத்துல ‘ரொமான்ஸ்’ என்றால் காதல் கதை மட்டும் இல்லை. குதிரைவீரர்களுடைய சாகசக் கதைகளுக்கு அதுதான் பெயர். அதில் ஹீரோ பொதுவா நல்லவன், வல்லவன். இந்தக் கதையில் அப்படி இல்லை.

கதை என்ன?

ஆர்தர் ராஜாவின் அரண்மனையில் ஒரு இளம் வீரன். கதையில் அவனுக்குப் பெயரே கிடையாது. ஒரு நாள் தனியா நடந்து போற ஒரு பெண்ணைப் பார்க்கிறான், பலாத்காரம் செய்கிறான். தீர்ப்பு மரண தண்டனை. ஆனால் ராணியும் மற்ற பெண்களும் ராஜாவிடம் கெஞ்சி, அவனை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையை வாங்குறாங்க. ராணி வைக்கும் நிபந்தனை இதுதான்: பெண்கள் உண்மையில் எதை விரும்புறாங்க? ஒரு வருஷமும் ஒரு நாளும் டைம். சரியான பதில் இல்லைன்னா தலை போகும்.

அவனும் வீடு வீடா கேட்டுப் பார்க்கிறான். ஒருத்தர் பணம்னு சொல்றார், இன்னொருத்தர் நல்ல துணிமணி, இன்னொருத்தர் புகழ்ச்சி, இன்னொருத்தர் சுதந்திரம். எதுவும் ஒத்துப்போகலை. திரும்பி வரும் வழியில், காட்டு ஓரத்துல இருபத்து நாலு பேருக்கும் மேல பெண்கள் நடனமாடுறாங்க. கிட்டப் போனா எல்லாரும் மாயம். புல்தரையில் ஒரு கிழவி மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். “பதில் எனக்குத் தெரியும். அடுத்து நான் எது கேட்டாலும், உன்னால முடிஞ்சா செய்வேன்னு வாக்குக் கொடு” என்கிறாள். அவன் கொடுத்துவிடுகிறான்.

சபையில் அவன் சொல்லும் பதில்: பெண்கள் விரும்புவது அதிகாரம். கணவன் மேல், காதலன் மேல். சபையில் ஒரு பெண்கூட மறுக்கவில்லை. உயிர் தப்பியது. உடனே கிழவி எழுந்து, “இப்ப என்னைக் கல்யாணம் பண்ணிக்கோ” என்கிறாள். சொத்தெல்லாம் எடுத்துக்கோ, என் உடம்பை மட்டும் விட்டுடு என்று கெஞ்சுகிறான். அவள் அசையவில்லை.

அந்த வாக்கு ஏன் முக்கியம்?

12ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியத் திருச்சபை ஒரு விஷயத்தை உறுதிப்படுத்தியிருந்தது: கல்யாணத்தைக் கல்யாணமாக்குவது மணமக்கள் இருவரின் சம்மதம். போப் மூன்றாம் அலெக்சாண்டர் இதை அழுத்திச் சொன்னார். பெரிய குடும்பங்களில் நிலத்துக்காகவும் உறவுக்காகவும் பெரியவங்களே முடிவு பண்ணினாங்க என்பது வேற கதை. ஆனால் விதி அதுதான். சாசரின் வாசகர்களுக்கு ‘சம்மதம்’ புதுசான வார்த்தை இல்லை.

இங்கதான் மூணு வெர்ஷனை வைத்து ஒரு டிஃப் போட்டுப் பார்க்கணும். இதே கதையை சாசரின் நண்பர் ஜான் கோவரும் 1390 வாக்கில் எழுதினார். 15ஆம் நூற்றாண்டில் காவெயின், ராக்னெல் கல்யாணம் என்று இன்னொரு பாட்டு வடிவமும் வந்தது.

கோவரின் வீரன் ஃபுளோரன்ட் சண்டையில் ஒருத்தனைக் கொன்றவன். கிழவி அவனிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறாள்: பதில் வேணும்னா என்னைக் கட்டிக்கணும். அவன் யோசித்து ஒத்துக்கொள்கிறான். ராக்னெல் கதையில் சிக்கல் ஆர்தருடையது. அவள் காவெயினைக் கேட்கிறாள். ‘அது அவன் கையில்தான் இருக்கு’ என்று ஆர்தர் சொல்கிறார். காவெயின் தன் ராஜாவுக்காக மனசார சம்மதிக்கிறான்.

சாசரின் வீரனுக்கு மட்டும்தான் எதுக்குச் சம்மதிக்கிறோம் என்றே தெரியாது. கையெழுத்து முதலில், நிபந்தனை பிறகு. மூணு பேரில் பலாத்காரம் செய்தவனும் அவன் மட்டும்தான். இது தற்செயலா நடந்த மாதிரி எனக்குத் தோணலை. ஒரு பெண்ணின் விருப்பத்தைக் கேட்காதவனை, விருப்பம் கேட்கப்படாத இடத்தில் சாசர் நிறுத்துகிறார். அதனால்தான் ‘என் உடம்பை விட்டுடு’ என்ற அவன் கெஞ்சல் அப்படி உறுத்துது.

முதலிரவு

கட்டிலில் புரண்டு புரண்டு படுக்கிறான். என்ன பிரச்சினை என்று அவள் கேட்க, அவன் மூணு சொல்கிறான்: நீ அசிங்கமா இருக்க, வயசானவ, கீழ்க்குலம். வரன் தேடுற ஆப்ல இருக்கிற ஃபில்டர் அப்படியே!

அவள் நிதானமா பதில் சொல்கிறாள். உயர்வு பரம்பரைச் சொத்து இல்லை. நெருப்பை ஆளில்லாத இருட்டு வீட்டில் விட்டுட்டுப் போனாலும் அது எரிஞ்சுகிட்டேதான் இருக்கும். அது அதன் இயல்பு. பெருந்தன்மையும் அப்படி ரத்தத்துல வர்ற இயல்பா இருந்தா, பெரிய வீட்டுப் பிள்ளைங்க யாரும் கெட்ட காரியம் பண்ணவே மாட்டாங்களே? இதைக் கேட்டுக்கொண்டிருப்பவன் யார், அவன் என்ன செய்தவன் என்று நினைச்சுப் பாருங்க.

பிறகு அவனுக்கு ஒரு தேர்வு. நான் கிழவியாவே இருந்து உனக்கு உண்மையா இருக்கணுமா? இல்லை, இளமையும் அழகுமா மாறி, அதனால வர்ற ரிஸ்க்கை நீ ஏத்துக்கிறியா? மற்ற இரண்டு கதைகளில் கேள்வி வேற: பகலில் அழகா, இரவில் அழகா? அது நாலு பேர் என்ன நினைப்பாங்க என்ற கேள்வி. சாசர் கேட்பது நம்பிக்கையைப் பற்றி.

அவன் பெருமூச்சு விட்டு, “நீயே முடிவு பண்ணு” என்கிறான். அவள் அழகாவும் மாறுகிறாள், உண்மையாவும் இருக்கப்போகிறாள். மற்ற கதைகளில் சித்தியின் சாபத்தால் உருவம் மாறிய பெண் விடுதலை ஆகிறாள். இங்கே சாபம் என்ற பேச்சே இல்லை. மாறுவதும் மாறாமல் இருப்பதும் அவள் கையில்தான் இருந்தது.

அப்போ, சுபமா?

அவன் கற்றுக்கொண்டான் என்று பலர் படிப்பாங்க. ஒரு வருஷம் பதிலைத் தேடி அலைஞ்சவன், கடைசியில் அதைச் செயலில் காட்டுகிறான். சரிதான். ஆனால் இரண்டு விஷயம் இடிக்குது. அதிகாரத்தை வாங்கின மனைவி, கடைசி வரிகளில் அவன் சொன்னதையெல்லாம் கேட்டு நடக்கிறாள். இன்னொன்று, ஆரம்பத்துல வந்த அந்தப் பெண். அவளுக்கும் பெயர் இல்லை. வழக்கு அவளால்தான் வந்தது. தண்டனையைக் குறைக்கும்போது அவளிடம் யாரும் கேட்கவில்லை. பெண்கள் எதை விரும்புறாங்க என்று ஊர் முழுக்கக் கேட்டவன், அவளிடம் மட்டும் போகவே இல்லை.

சாசர் 1400இல் இறந்துட்டார், ‘காண்டர்பரி கதைகள்’ முடியாமலேயே நின்றுபோச்சு. ஆனால் இந்தக் கதை முழுசாத்தான் இருக்கு. அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் அதில் முடிவு இல்லை. இந்தக் கதையை உங்க ஃபிரெண்ட்ஸ்கிட்ட சொல்லும்போது அவளை விட்டுடாதீங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.