ஃபிலிம் ரோலுக்கு வரி: யாரைக் காக்க?

இந்தியாவில் இன்று விற்கும் புதிய ஃபோட்டோ ஃபிலிம் ரோல் எல்லாமே இறக்குமதிச் சரக்கு. கோடாக் என்றால் அமெரிக்காவின் ராச்செஸ்டர், இல்ஃபோர்டு என்றால் இங்கிலாந்தின் மாபர்லி, ஃபோமா என்றால் செக் குடியரசு என்று எங்கோ ஓர் ஆலையில் பூச்சு ஏறிய சுருள்தான் நம் ஊர் கேமராவுக்குள் நுழைகிறது. ஆகவே அதன் விலைக்குள் எப்போதும் ஒரு சுங்கவரி ஒளிந்திருக்கிறது. கடைக்காரர் தரும் பில்லில் ஜிஎஸ்டி மட்டும்தான் தெரியும். சுங்கவரி துறைமுகத்திலேயே விலையோடு கரைந்துவிடும்.

சுங்கவரி அட்டவணையில் ஒளிப்படப் பொருள்களுக்கென்றே 37ஆம் அத்தியாயம் இருக்கிறது. தகடுகளும் தட்டை ஃபிலிம்களும் 3701 என்ற தலைப்பில் வரும். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ஷீட்டும் அச்சகத்தின் ஆஃப்செட் பிளேட்டும் இதில்தான். ரோல் ஃபிலிம் 3702, பிரிண்ட் போடும் பேப்பர் 3703, டெவலப்பர், ஹைப்போ போன்ற ரசாயனங்கள் 3707. படம் எடுப்பதிலிருந்து கழுவிப் பிரதி போடுவது வரை ஒவ்வொரு படியிலும் தனித்தனியாக வரி விழுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். துறைமுகத்தில் வந்து இறங்கும்போது ஒரு ரோலின் மதிப்பு 700 ரூபாய், அடிப்படைச் சுங்கவரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வரி 70 ரூபாய். அந்த வரியின் மேல் சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம், அதாவது 7 ரூபாய். சரக்கு இப்போது 777 ரூபாய். இறக்குமதியாளரும் கடைக்காரரும் சேர்ந்து 20 சதவீதம் லாபம் வைத்தால் 932 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் வாங்குபவர் கொடுப்பது 1,100 ரூபாய். சுங்கவரியே இல்லையென்றால் அதே லாபம், அதே ஜிஎஸ்டியோடு ரோல் 991 ரூபாய்க்குக் கிடைக்கும். அரசு சுங்கமாக வாங்கியது 77 ரூபாய். வாங்குபவர் கூடுதலாகக் கொடுத்தது 109 ரூபாய். முதல் படியில் ஏறும் வரிக்கு அடுத்தடுத்த படிகளில் லாபமும் வரியும் குட்டி போடுகின்றன. சுங்கவரி உயர்ந்தால் விலை அதைவிடக் கூடுதலாக உயர்வதற்கு வியாபாரியின் பேராசைதான் காரணம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது.

இந்தச் சுமை எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் சென்னை ஸ்டுடியோ, ஃபிலிமுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளும். தருமபுரி மாவட்டம் கடத்தூர் போன்ற பேரூரில் இருக்கும் சிறு ஸ்டுடியோவுக்கு ஆண்டு வரவு 20 லட்ச ரூபாயைத் தொடாது, பதிவும் இருக்காது. முழு வரியும் அதன் தலையில்தான். உள்ளூரில் ஃபிலிம் கிடைக்காது என்பதால் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஆர்டர் கொடுத்துக் கூரியரில் வரவழைக்க வேண்டும். ஒரு ரோலுக்கும் ஐந்து ரோலுக்கும் கூரியர் கட்டணம் அநேகமாக ஒன்றுதான். சுங்கவரியை யாரும் கவனிப்பதில்லை. கூரியர் செலவு மட்டும் எல்லோர் கண்ணிலும் உறுத்தும்.

இந்த வரி எதற்காக வந்தது என்று தெரிந்துகொள்ள ஊட்டிக்குப் போக வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவில் அந்நியச் செலாவணிக்குப் பெரும் பஞ்சம். ஃபிலிம் என்பது டாலரையும் பவுண்டையும் கரைக்கும் பொருள். உரிமம் இல்லாமல் அதை இறக்குமதி செய்ய முடியாது. உரிமம் கிடைத்தாலும் வரி கடுமை. சினிமாவுக்கான கச்சா ஃபிலிம் அரசு அமைப்புகளின் வழியாகவே பங்கிடப்பட்டது. 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ கேவா கலரில் முழுநீள வண்ணப் படமாக வந்துவிட்டது. ஆனாலும் அடுத்த இருபது ஆண்டுகளுக்குத் தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி கறுப்பு வெள்ளையிலேயே வந்துகொண்டிருந்தது. வண்ணச் சுருளின் விலையும் தட்டுப்பாடும் அதற்கு முக்கியக் காரணம். எழுபதுகளின் படங்களில் ‘ஆர்வோ கலர்’ என்று எழுத்து ஓடியதை மூத்த ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபென் நகரச் சரக்கு. அந்த நாட்டோடு ரூபாயிலேயே வணிகக் கணக்குத் தீர்க்க முடிந்தது, டாலர் தேவைப்படவில்லை. திரையில் எந்த நிறம் தெரிய வேண்டும் என்பதை ஒளிப்பதிவாளரோடு சேர்ந்து வர்த்தக ஒப்பந்தமும் தீர்மானித்த காலம் அது.

ஃபிலிமை நாட்டிலேயே செய்துகொள்ள 1960இல் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. தொழில்நுட்பம் பிரான்ஸின் போஷே நிறுவனத்துடையது. தூசி குறைந்த காற்றும் குளிர்ச்சியும் வேண்டும் என்பதால் ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1967இல் உற்பத்தி தொடங்கியது. சரக்கின் பெயர் ‘இந்து’. ஆலை இருந்த இடமும் இந்து நகர் ஆயிற்று. கறுப்பு வெள்ளை ரோல், சினிமா பாசிட்டிவ், பிரிண்ட் பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் என்று அங்கிருந்து நாடெங்கும் போயின.

ஃபிலிம் செய்வது சாதாரண வேலையல்ல. வெள்ளி நைட்ரேட்டையும் பொட்டாசியம் புரோமைடையும் ஜெலட்டின் கரைசலில் சேர்த்தால் ஒளிபட்டு மாறக்கூடிய வெள்ளி உப்பு கிடைக்கிறது. அந்தக் கலவையைப் பிளாஸ்டிக் சுருளின் மேல் ஒரே சீராகப் பூச வேண்டும். அதையும் இருட்டில் செய்ய வேண்டும். பூச்சில் ஒரு தூசி விழுந்தாலும் முகத்தில் புள்ளி விழும். எக்ஸ்ரேயில் அந்தப் புள்ளி நுரையீரலில் நோயாகத் தெரியலாம். உலகம் முழுவதற்கும் ஃபிலிம் ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதற்குக் காரணம் இந்தக் கடுமைதான். ஆசியாவிலேயே இத்தகைய ஆலை வைத்திருந்த நாடுகள் மிகச் சில. நீலகிரி மலையில் அப்படி ஒன்று ஓடியது சிறிய சாதனையல்ல.

உயர்ந்த சுங்கவரியின் காப்பில் ‘இந்து’ பிழைத்தது. ஸ்டுடியோக்காரர்கள் அதைக் குறை சொல்லிக்கொண்டே வாங்கினார்கள், ஏனென்றால் கோடாக்கும் அக்ஃபாவும் எட்டாத விலையில் இருந்தன. 120 ரோல் ஒன்றில் ஆறுக்கு ஆறு அளவில் 12 படம்தான். கல்யாண வீட்டில் தாலி கட்டும்போது ஒன்று, பந்தியில் ஒன்று என்று எண்ணி எண்ணி எடுப்பதும், நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்து கெட்டுப்போன படத்தையும் தேற்றுவதும், பயன்படுத்தி வலுவிழந்த ஹைப்போவை வெள்ளி எடுப்பவர்களுக்கு விற்பதும் அந்த விலையோடு ஒட்டிய பழக்கங்கள். சிக்கனம் என்பது தொழில்நுட்பத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஆலை ஒரு பெரிய முடிவை எடுத்தது. அமெரிக்காவின் டூபாண்ட் தொழில்நுட்பத்தோடு பாலியெஸ்டர் அடித்தளத்தில் எக்ஸ்ரே ஃபிலிம் செய்யும் திட்டம். மருத்துவமனைகள் பெருகிவந்ததால் சந்தை உறுதி என்பது கணக்கு. திட்டம் தாமதமாயிற்று, செலவு பல மடங்கு ஏறியது, கடன் வட்டி குவிந்தது. 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டதால் வெளிநாட்டு இயந்திரமும் மூலப்பொருளும் இன்னும் விலை ஏறின. அதே நேரத்தில் சுங்கவரி என்ற வேலியும் இறங்கத் தொடங்கியது. 1991-92இல் 150 சதவீதமாக இருந்த இந்தியாவின் உச்சபட்சச் சுங்கவரி 1993-94இல் 85, 1995-96இல் 50, 1997-98இல் 40 என்று ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. வெளிநாட்டு எக்ஸ்ரே ஃபிலிம் மலிவாக இறங்கியபோது ஊட்டி ஆலை கடனில் மூழ்கியிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அது நலிவடைந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. 2003இல் தொழில், நிதி மறுசீரமைப்பு வாரியம் அதைக் கலைத்துவிடப் பரிந்துரைத்தது. வழக்கு, விருப்ப ஓய்வு என்று இழுத்துக்கொண்டு 2010களில் எல்லாம் முடிந்தது.

ஆலை விழுந்ததற்குச் சுங்கவரிக் குறைப்பு மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. வரி அப்படியே இருந்திருந்தாலும் டிஜிட்டல் கேமராவும் டிஜிட்டல் எக்ஸ்ரேயும் வந்து அதை முடித்திருக்கும். ஆனால் முப்பது ஆண்டு வேலிக்குள் வளர்ந்த ஆலைக்கு, வேலியைப் பிரிக்கும்போது புதிய இயந்திரமும் கடன் நிவாரணமும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. குறை அங்கேதான்.

வரியின் அளவைப்போலவே அது எந்தப் பொருளின் மேல் விழுகிறது என்பதும் முக்கியம். பூச்சு முடிந்த ஃபிலிமை அகலமான பெரிய சுருளாக இறக்குமதி செய்து, இங்கே வெட்டி, டப்பாவில் அடைத்து விற்பதற்கு ‘ஜம்போ ரோல்’ வணிகம் என்று பெயர். பெரிய சுருளுக்கு வரி குறைவு, முடிந்த சரக்குக்கு வரி அதிகம் என்றால் வெட்டுப் பட்டறைகள் முளைக்கும். ஃபூஜியின் கூட்டாளியான ஜிண்டால் ஃபோட்டோ இந்த வழியில்தான் இயங்கியது. இதில் வேலைவாய்ப்பு கொஞ்சம் உண்டு. பூச்சுத் தொழில்நுட்பம் கைக்கு வராது. சினிமா நெகட்டிவ் 400 அடி, 1000 அடிச் சுருள்களாக வரும்போது சுங்க அறிவிப்புகள் தனிச் சலுகை தந்துவந்திருக்கின்றன. வினாடிக்கு 24 பிரேம் ஓடினால் 400 அடி என்பது நாலரை நிமிடம்கூட ஓடாது. அதையே 35 மி.மீ. கேமராவுக்கு வெட்டிச் சுற்றினால் 36 படம் தரும் ரோல்கள் எழுபது கிடைக்கும். ஃபிலிம் ஆர்வலர்கள் சினிமாச் சுருளை வாங்கித் தாங்களே சுற்றிக்கொள்வதன் பொருளாதாரம் இதுதான்.

சுங்கவரியை நீக்கிவிட்டால் விலை தானாக இறங்கிவிடும் என்பதும் உறுதியில்லை. ஜப்பான் ஃபிலிம் மேல் இருந்த வரியைப் பூஜ்யமாக்கிய பிறகும் அங்கே தன் சரக்கு கடைகளுக்குள் நுழைய முடியவில்லை என்று கோடாக் 1995இல் முறையிட்டது. மொத்த வியாபாரிகளை ஃபூஜி தன் பிடியில் வைத்திருக்கிறது, அதற்கு ஜப்பான் அரசின் நடவடிக்கைகள் துணை என்பது குற்றச்சாட்டு. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்து 1998இல் தோற்றது.

அமெரிக்கா 2025 ஏப்ரல் 2 அன்று அறிவித்த புதிய வரிகள் ஃபிலிமையும் தொட்டன. பிரிட்டனுக்கு 10 சதவீதம் என்பதால் இல்ஃபோர்டு அங்கே விலை ஏறும் நிலை உருவானது. ஜப்பானுக்கு முதலில் 24, பின் ஒப்பந்தத்தில் 15. 800 டாலருக்குக் குறைவான பொட்டலங்களுக்கு இருந்த விலக்கும் அந்த ஆகஸ்டில் போயிற்று. இந்திய வாடிக்கையாளரை இந்த வரிகள் நேரடியாகத் தொடவில்லை. அமெரிக்காவுக்குள் நுழையும் சரக்குக்குத்தான் அவை விதிக்கப்பட்டன. ஆனால் மிகச் சில ஆலைகளே உள்ள தொழிலில், பெரிய சந்தை ஒன்று குலைந்தால் உற்பத்தியாளர் தன் விலைப் பட்டியலை உலகுக்கே மாற்றக்கூடும். அதே ஆண்டில் வெள்ளி விலை அதுவரை காணாத உச்சத்துக்கு ஏறியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளி இல்லாமல் ஃபிலிம் இல்லை.

பாதுகாப்பு வரி என்பது உள்ளூர் ஆலை ஒன்றைக் காப்பதற்கு. இந்தியாவில் இன்று காக்கப்பட வேண்டிய ஃபோட்டோ ஃபிலிம் ஆலை எதுவும் இல்லை. ஆகவே ரோல் ஃபிலிம், பிரிண்ட் பேப்பர் மேல் விழும் சுங்கவரி வெறும் வருவாய் வரிதான். இவ்வளவு சிறிய சந்தையில் அந்த வருவாயும் சொற்பம். நிதிநிலை அறிக்கையில் ஒரு வாக்கியம் எழுதி அந்தச் சுங்கவரியை நீக்கிவிடலாம். அதுவரை, சிறு ஊரிலிருந்து ஃபிலிம் வாங்குபவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுவது நல்லது. பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் சரக்கில் காலாவதித் தேதியைப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.