அயல்நாட்டுத் தொண்டும் ஒப்புரவும்

சென்ற திங்கள் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் இருபது ஆண்டுகளின் முன் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர்; இப்பொழுது இங்கிலாந்தில் மனைவியோடும் இரு பிள்ளைகளோடும் வாழ்பவர். “ஐயா, இம்முறை கோடை விடுமுறையை உல்லாசப் பயணத்திற் கழிக்க மனமில்லை. கம்போடியா நாட்டில் ஓர் அநாதை இல்லத்திலே நான்கு வாரம் குடும்பமாகத் தொண்டு செய்யக் கருதியுள்ளோம். பிள்ளைகளும் பிறர் துன்பத்தை அறிந்துகொள்வார்கள். தங்கள் ஆசி வேண்டும்” என்பது அதன் சாரம். இத்தகைய எண்ணம் தோன்றுவதே அரிது. ஆயினும் ஆசியை எழுத எடுத்த பேனா ஓடவில்லை. அவருக்கு யான் எழுதிய காரணத்தைப் பிறரும் சிந்தித்தற்பொருட்டு ஈண்டு விரித்துரைக்கின்றேன்.

பிறநாடு சென்று கூலி பெறாது தொண்டு செய்யும் முறைக்கு இக்காலத்தில் வழிகாட்டியவருள் முதன்மையானவர் பியேர் செரெசோல் என்பவர். சுவிற்சர்லாந்தின் ஜனாதிபதியாக 1873இல் இருந்தவரின் மைந்தர், பொறியியல் கற்றவர், போரை வெறுத்தமையால் இராணுவ வரி செலுத்த மறுத்துச் சிறை புகுந்தவர். முதலாம் உலகப் போர் ஓய்ந்தபின், 1920ஆம் ஆண்டு நவம்பரில், பிரான்சிலே வெர்டன் போர்க்களத்தை அடுத்துப் பாழாய்க் கிடந்த எஸ்ன் என்னும் கிராமத்துக்கு ஒரு சிறு குழுவுடன் சென்றார். அக்குழுவில் ஜேர்மனியரும் இருந்தனர். நேற்றுவரை அந்நிலத்தை அழித்த நாட்டின் மக்கள் இன்று அதே நிலத்தில் இடிபாடுகளை அகற்றினர், வீடிழந்தோர்க்கு மரத்தால் மனைகள் அமைத்தனர், பாதையைச் செப்பனிட்டனர்.

ஆனால் ஜேர்மனியர் உதவியை ஏற்பதற்கு அங்கே எதிர்ப்பு எழுந்தது. 1921இல் அக்குழு வேலையை நிறுத்திப் புறப்பட்டது. இதனைத் தோல்வி என்பாரும் உளர். யான் அவ்வாறு கருதேன். தம் தொண்டு வேண்டாம் என்று அவ்விடத்தார் சொன்னபொழுது விலகி நிற்க அறிந்தமையும் தொண்டின் ஒரு கூறேயாம்.

செரெசோல் தளரவில்லை. 1928இல் ரைன் நதிப் பெருக்கால் நிலம் மூடுண்ட லீக்டென்ஸ்ரைன் நாட்டுக்குப் பல நாடுகளிலிருந்தும் 700க்கு மேற்பட்ட தொண்டர் வந்து மண் அகற்றினர். 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரைப் பெரும் பூகம்பம் உலுக்கிய செய்தி கேட்டு, அவர் இந்தியாவுக்கும் வந்தார். இராஜேந்திர பிரசாத் முதலியோர் அங்கு நிவாரணப் பணியை நடத்திக்கொண்டிருந்தனர். அவர்களோடு கலந்து, அவ்வூரார் வேண்டிய வண்ணம் கிராமங்களை மீளக் கட்டும் பணியில் ஒரு சில தோழருடன் ஈடுபட்டார். அவர் நிறுவிய சர்வதேச குடிமைத் தொண்டியக்கத்தின் குறிக்கோள், சொல்லன்று, செயல் என்பதாம். நம் நாட்டவர் சிரமதானம் என்னும் சொல்லால் உணரும் பொருளும் ஏறக்குறைய அதுவே.

இத்தொண்டின் இயல்பை உற்று நோக்குக. மண்வெட்டி பிடித்தவன் ஊர் திரும்பினாலும் அவன் திருத்திய பாதை அங்கேயே கிடக்கும். அவன் பிரிவால் பாதை வருந்தாது. குழந்தையின் நெஞ்சமோ அத்தகையதன்று.

2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் கீழைக்கரையில் யான் கண்டதொன்றை இங்கே சொல்லல் வேண்டும். எங்கள் பாடசாலையில் இயங்கிய அகதி முகாமுக்கு மேனாட்டு இளம்பெண் ஒருத்தி வந்தாள். பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். படம் வரையப் பழக்கினாள். தாயைக் கடலுக்குக் கொடுத்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அவள் கையை விடாள். மூன்று வாரம் கழிந்தது; அப்பெண் அழுதுகொண்டே விடைபெற்றாள். மறுநாட் காலை அச்சிறுமி படலையடியில் வந்து அமர்ந்தாள். அடுத்த நாளும் அமர்ந்தாள். “அக்கா எப்ப வருவா?” என்று என்னைக் கேட்டாள். இலக்கணமும் இலக்கியமும் கற்ற எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. வந்தவள் மீது குற்றமில்லை. அவள் உள்ளம் தூயது. வருவோர் எல்லோரையும் மகிழ்ந்து வரவேற்று, போனபின் நிகழ்வதை எண்ணாதிருந்த என் போன்றார்க்கே அக்குற்றம் உரியது.

கம்போடியாவின் நிலை இதனினும் கொடிது. அங்கே 2005 முதல் 2010 வரையுள்ள ஐந்தாண்டுகளில் அநாதை இல்லங்களின் தொகை 75 சதவீதம் பெருகிற்று. அந்நாட்டில் அப்பொழுது போரில்லை. அவ்வில்லங்களில் வாழ்ந்த பிள்ளைகளுட் பெரும்பாலோர்க்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர். அன்னியர் பணமும் வருகையும் பெருகப் பெருக, வறிய பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பெற்று இல்லங்களை நிரப்புவாரும் தோன்றினர். 2019இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் தன் தீர்மானமொன்றில் இத்தகைய இல்லத் தொண்டினால் விளையும் தீங்கைச் சுட்டியது. அன்பு செய்யச் செல்வோரின் அன்பே அநாதைகளை ஆக்கும் வாணிகத்துக்கு முதலாகின்றது என்றால், இதனினும் துயரம் வேறு யாது?

வள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்தின் முன் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வைத்தார். ஒப்புரவு செய்தல் என்னாது அறிதல் என்றமை நோக்கத்தக்கது. எவர்க்கு எது தகும், எப்பொழுது தகும், யார் கையாற் செய்யின் தகும் என்பவற்றை அறிந்த பின்னரே கொடை. அமெரிக்க அமைதிப்படையார் ஒரு நாட்டிற் செலவிடும் 27 திங்களுள் முதல் மூன்றையும் மொழிக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குதல் இவ்வறிவின்பாற் பட்டதே. நான்கு வாரத்தில் கெமர் மொழியில் ஒரு குழந்தையின் அழுகைக்குக் காரணங் கேட்கவும் பழக முடியாது.

ஆகவே என் மாணவருக்கு இவ்வாறு எழுதினேன்: “தம்பி, எண்ணத்தைக் கைவிடாதே; இடத்தை மாற்று. செரெசோல் தொடக்கிய இயக்கத்தின் வேலை முகாம்கள் இன்றும் நடைபெறுகின்றன. குடும்பமாய்ச் சேரத்தக்கனவும் அவற்றுள் உண்டு. அங்கே பிள்ளைகள் வேலி கட்டட்டும், மரம் நடட்டும், வேற்றுமொழியாரோடு ஒரு பானைச் சோறு உண்ணட்டும். கம்போடியாவைக் காண விரும்பின் விருந்தினனாய்ச் செல். பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் காக்க ஏழைத் தாய்க்கு உதவும் பணியொன்றை நன்கு விசாரித்து, பயணச் செலவில் ஒரு பங்கை அதற்குக் கொடு. எங்கு சென்றாலும், நீ திரும்பும் நாளில் உன்னை நினைந்து படலையடியில் அமரும் குழந்தை ஒன்றேனும் இல்லாதபடி பார்த்துக்கொள்.”

கடிதத்தை அஞ்சலிற் சேர்த்துவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. அன்று அச்சிறுமிக்குச் சொல்ல இயலாத விடையை இருபது ஆண்டுகள் கழித்து வேறொருவருக்கு எழுதினேன் என்றே எனக்குத் தோன்றுகின்றது.