மஞ்சள் கேப்சூலும் சித்தியின் முட்டியும்

முட்டி வலிக்கு மஞ்சள் கேப்சூல் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறார் சித்தி. "சாப்பிடலாமா, வேண்டாமாடா?" என்று போனில் கேட்டார். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்தக் குறிப்பு.

முதலில் செல்லுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். என்.எஃப். கப்பா பி என்று ஒரு புரதம். 1986இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டுபிடித்தது. சாதாரண நேரத்தில் இன்னொரு புரதம் இதைக் கட்டிப்போட்டு உட்கருவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கும். கிருமியோ காயமோ வந்து சேதி போனால் அந்தக் காவல்காரப் புரதம் சிதைக்கப்படும். கட்டு அவிழ்ந்த என்.எஃப். கப்பா பி உட்கருவுக்குள் போய், அழற்சியைக் கிளப்பும் மரபணுக்களை முடுக்கிவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் இந்த வேலையைத் தடுக்கிறது என்று 1995இல் செல்களில் காட்டினார்கள்.

'செல்களில்' என்பதைக் கவனிக்கணும். ஆய்வகத் தட்டில் குர்குமினை நேராகச் செல் மேலேயே விடலாம். நாம் விழுங்கினால் கதை வேறு. அது தண்ணீரில் சரியாகக் கரையாது, குடல் கொஞ்சம்தான் உறிஞ்சும், அதையும் குடல் சுவரும் கல்லீரலும் சட்டென்று மாற்றி வெளியே தள்ளிவிடும். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் கிடைத்தது அநேகமாக ஒன்றுமில்லை. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்ததும் 2000 சதவீதம் கூடியது. கேப்சூல் விளம்பரங்களில் வரும் பெரிய எண் இதுதான். ஆனால் எதிலிருந்து கூடியது என்பதை விளம்பரம் சொல்லாது.

சமையல் மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். 2 கிராம் வேணும்னா 65 கிராமுக்கு மேல் தூள் போடணும். எந்தச் சாம்பார் தாங்கும்?

சரி, பலனே இல்லையா? அப்படியும் சொல்ல மாட்டேன். 2014இல் வெளியான தாய்லாந்து ஆய்வொன்றில், முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரில் ஒரு பாதிக்கு இப்யூபுரூஃபன், மறுபாதிக்குத் தினம் 1500 மில்லிகிராம் மஞ்சள் சாரம். நாலு வாரத்தில் வலி குறைந்தது ஏறக்குறைய ஒரே அளவு. வெத்து மாத்திரை கொடுத்த மூன்றாவது குழு இல்லாததுதான் எனக்கு உறுத்தல். முட்டி வலி தானாகவே ஏறி இறங்கும்.

சித்தி விஷயத்தில் என்னை நிறுத்தியது டப்பாவின் பின்பக்கம். 'மிளகு சாரம் சேர்த்தது' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாம். குர்குமினை வெளியேற்றும் அதே நொதிகளைத்தான் பைப்பரின் மந்தமாக்குகிறது. அந்த நொதிகள் வேறு பல மருந்துகளையும் கழிக்கின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயினின் அளவு பைப்பரினோடு ரத்தத்தில் ஏறுகிறது. சித்தி பல வருஷமாகச் சாப்பிடுவது அந்த மாத்திரைதான்! இது போதாதென்று, மஞ்சள் கேப்சூல்களால் அபூர்வமாகக் கல்லீரல் பாதிக்கப்படுவதாக ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரித்தது.

டப்பாவை இன்னும் பிரிக்கவில்லை என்றார். அடுத்த முறை நரம்பு டாக்டரைப் பார்க்கப் போகும்போது பையில் போட்டு எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன்.